முதலில் வெளியே வந்தவன்

க்விடோ பனித்தளத்திலிருந்து முதல் ஆளாக வெளியே ஓடியதைப் பார்த்ததும், மேலே உட்கார்ந்திருந்த நிருபர் எழுந்தே விட்டார்.

"அட, க்விடோவா! இன்னைக்கு கோல்கீப்பர் இவனா?"

ஐஸ் ஹாக்கியில் இது எழுதாத சட்டம். ஆட்ட நாளன்று காலைப் பயிற்சியில், அணியின் இரண்டு கோல்கீப்பர்களில் யார் முதலில் பனியை விட்டு வெளியேறுகிறாரோ, அவர்தான் மாலையில் ஆடுவார். யாரும் வாய்விட்டு அறிவிப்பதில்லை. எல்லோரும் அப்படியே நம்பிவிடுவார்கள்.

க்விடோ ஓடியது கழிப்பறைக்கு. முந்தின நாள் மாமனார் லூபோர் வீட்டில் சாப்பிட்ட, வினிகரில் ஊறப்போட்ட சாஸேஜ் வயிற்றைக் கலக்கிவிட்டது.

அவனுக்கு முப்பத்தைந்து வயது. ஒன்பது வருஷமாக மாற்று கோல்கீப்பர். லீக் ஆட்டத்தில் ஒரு நிமிஷம்கூட இறங்கியதில்லை, ஏனென்றால் முதல் கோல்கீப்பர் போஹுஷுக்குத் தும்மல்கூட வராது. முழுக் கவசத்தோடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் பனிக்குப் போய்வரக் கதவைத் திறந்து மூடுவதுதான் க்விடோவின் உத்தியோகம். வசந்தத்தில் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும். பாவம், அவனுக்கு வேறு ஆசையே கிடையாது.

முகம் கழுவிக்கொண்டு வந்தவனைப் பயிற்சியாளர் ஹன்ஸ்லிக் வழியில் மடக்கினார். வாயில் சூரியகாந்தி விதை.

"மன்னிச்சுக்குங்க கோச். வயிறு சரியில்லாம..."

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல கோச்."

"சொல்லாதே. மூச்சு விடக் கூடாது. நிருபர் போன் பண்ணா எடுக்காதே. வீட்டுக்குப் போய் நல்லா தூங்கு." ஹன்ஸ்லிக் அவன் தோளைத் தட்டினார். "இன்னைக்கு மேட்சை நீதான் ஜெயிச்சுத் தரப்போறே."

க்விடோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவன் அந்தப் பக்கம் போனதும் ஹன்ஸ்லிக் பனித்தளத்தின் ஓரத்துக்குப் போய் போஹுஷின் காதில் ஏதோ சொன்னார். போஹுஷ் விழுந்து விழுந்து சிரித்தான்.

மதியத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. லூபோரின் போன் வந்தது.

"என்ன மாப்ளே, கதவு வேலைக்கு வேற ஆள் போட்டுட்டாங்களாமே?"

"மாமா, நான் எதுவும் சொல்லக் கூடாது."

"சொல்லவே வேணாம். பீர்க்கடையில பத்துப் பேரைக் கிளப்பியாச்சு. ஒன்பது வருஷமா 'உங்க மருமகன் கதவை நல்லா சாத்துறாரா'ன்னு கேட்டுக் கேட்டு என் மானத்தை வாங்கினானுங்க." லூபோர் குரலைத் தாழ்த்தினார். "நானும்தான் உன்னைக் கிண்டல் பண்ணிட்டேன். மனசுல வெச்சுக்காதே மாப்ளே."

ஆட்ட நாளில் ஆடப்போகிற கோல்கீப்பரோடு வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். பேசினால் கவனம் கலையும் என்று பயம். கல்யாணமான நாளாக, ஆட்ட நாளானாலும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிற மனைவி இவோனா, அன்று வாயே திறக்கவில்லை. பூண்டு சூப்பை அவன் முன்னால் வைத்துவிட்டு, நெற்றியில் முத்தமிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். க்விடோ சூப்பைக் குடித்துக்கொண்டே அழுதான்.

மாலை. உடை மாற்றும் அறையில், எல்லோருக்கும் முன்னால் அவன் கவசம் கட்டி முடித்திருந்தான். வெளியே பத்துத் தொண்டைகள் "க்விடோ! க்விடோ!" என்று கத்தின. அதில் லூபோரின் தொண்டை தனியாகத் தெரிந்தது.

ஹன்ஸ்லிக் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

"எதிரணி ஆட்டக்காரங்க பட்டியல் வந்தாச்சுடா! கோல்ல க்விடோன்னு கேள்விப்பட்டதும் அவங்களுக்கு ஒரே சிரிப்பாம். லேசா முழங்கால் வலின்னு சொன்ன அவங்க நம்பர் ஒன் ஆட்டக்காரனை, 'இந்த மேட்சுக்கு நீ எதுக்கு, ஓய்வெடு'ன்னு அவங்க ஊரு பிராக்லயே விட்டுட்டு வந்துட்டாங்க. எல்லாம் இவனாலதான்!"

அறையே கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் போஹுஷ்.

"இன்னொண்ணு. க்விடோவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஒப்பந்தம். மேலிடத்துல பேசிட்டேன். இந்த மாதிரி ஆளை விடலாமா?"

பனிக்குப் போகும் வாசலில் அணி வரிசை கட்டியது. கோல்கீப்பர்தான் முதலில் இறங்க வேண்டும். க்விடோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய் நின்றான். விளக்குகள் அணைந்தன, இசை அதிர்ந்தது.

ஹன்ஸ்லிக் பின்னாலிருந்து அவன் தோளில் அன்பாகக் கை வைத்தார்.

"உன் வேலை காலையிலேயே முடிஞ்சுது க்விடோ, போஹுஷுக்கு வழி விடு."