மூணாவது விளக்கு

சார்ஜரில் மூணாவது விளக்கு எரிந்து, நாலாவது எரியப் போகிற நேரத்தில் பிளக்கைப் பிடுங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது?

சுருட்டைக்கு வந்தது.

"அண்ணே, என் வண்டி இன்னும் ஃபுல் ஆகல!"

"முக்கால் ஏறியிருக்குல்ல, ஓட்டு" என்றபடி, சார்ஜிங் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ் அண்ணன் அந்த வயரை நெட்டையனின் பேட்டரி ஆட்டோவில் செருகினார்.

ஷெட்டில் எட்டு பாயிண்ட். யாருக்கு அடுத்து யார் என்று சிலேட்டில் எழுதியிருக்கும். நெட்டையன் பதினொன்றாவது ஆள். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு அவன் வந்தால் போதும், சுருட்டையின் வயர்தான் பிடுங்கப்படும். ஒரு மாதமாக இதே கூத்து.

சுருட்டைக்குக் காலையிலிருந்தே மனசு சரியில்லை. ஏழு மணிக்கே தங்கச்சி போன்.

"இன்னிக்காவது வர்றியாண்ணே?"

"வண்டி சார்ஜ்ல நிக்குது. வேற ஆளப் பாரு."

அப்போது வண்டி அவன் வீட்டு வாசலில்தான் நின்றது. அது வேறு கதை.

"எட்டு வயர் இருக்கு. என் வயர் மட்டும்தான் உங்க கண்ணுல படுதா? நான் என்ன இளிச்சவாயனா? நெட்டையன் உங்களுக்கு மாமனா மச்சானா?" என்று சார்ஜ் அண்ணனிடம் கத்தினான்.

சத்தம் கேட்டு ஷெட் முதலாளி வந்தார்.

"வரிசைன்னு எழுதி வச்சது எதுக்குய்யா? காரணத்தச் சொல்லு."

"சொல்ல முடியாது முதலாளி. சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப சாவிய வச்சுட்டுக் கெளம்பு. நாளையிலேருந்து வர வேணாம்."

ஆறு வருஷ வேலை. சார்ஜ் அண்ணன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

நியாயம் கிடைத்த தெம்பில் சுருட்டை விறுவிறுவென்று நெட்டையனின் வண்டிக்குப் போனான். பிளக்கில் கை வைத்தான். உள்ளே யாரோ இருமினார்கள். பக்கவாட்டுப் படுதாவை விலக்கிப் பார்த்தான்.

மடியில் ஆஸ்பத்திரி ஃபைலோடு, வீங்கின காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் அவன் அம்மா.

"நீயாப்பா? உன் வண்டி சார்ஜ்ல நிக்குதுன்னு தங்கச்சி சொன்னாளே... ஏறிடுச்சா?"

பிளக்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

நெட்டையன்தான் மெதுவாகச் சொன்னான். "வாரத்துக்கு ரெண்டு டயாலிசிஸ். போக வர நாப்பது கிலோமீட்டர். சார்ஜ் கொறைஞ்சா நடுவழியில நின்னுடும். 'யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மகன் இருந்தும் வேற வண்டியில போறேன்னு தெரிஞ்சா ஸ்டாண்டுல என் புள்ளைக்குத் தலைகுனிவாயிடும்'னு அம்மாதான் எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கினாங்க."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த சார்ஜ் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"எட்டு வயர்ல உன்னோடது மட்டும் ஏன்னு கேட்டியே... பெத்தவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுல உன் பங்குக்கு அந்தக் கால் சார்ஜாவது போகட்டும்னுதான்டா."