வரப்புத் தகராறு

இராஜாங்கத்தின் வயிற்றை அழுத்திப் பார்த்தார் பூதலூர் டாக்டர்.

"இந்தத் தொப்பை சும்மா கிடக்கிற சதை இல்லைங்க. கொழுப்பு பெருத்து வீங்கிப்போனா, கெட்டதை ரத்தத்துல கசியவிடும். தலைமடையில விஷம் கலந்தா கடைமடைப் பயிர் கருகுற மாதிரி இதயம் கெட்டுப்போகும். தினமும் நடங்க."

"விவசாயிக்கு எதுக்குங்க நடை?" என்று எழுந்துபோய் புல்லட்டைக் கிளப்பினார் இராஜாங்கம். மனைவி அம்சவல்லி பின்னால் ஏறிக்கொண்டாள்.

மறுவாரம் அவர் வயல் வரப்பு ஒரு சாண் குறைந்திருந்தது.

"பக்கத்து வயல் வீரையன் வேலைதான். கையும் களவுமாப் பிடிக்கிறேன்" என்று வண்டிச் சாவியைத் தேடினார்.

"வண்டிச் சத்தம் கேட்டா ஓடிடுவாருங்க. விடியக்காலம் நடந்தே போங்க" என்றாள் அம்சவல்லி.

தினமும் நடந்தார். மண் அணைக்க அணைக்க வரப்பு குறைந்தது. ஆள் மட்டும் சிக்கவில்லை.

அறுவடைக்குள் தொப்பை பாதியாகிவிட்டது. டாக்டருக்கே ஆச்சரியம். "எப்படிங்க?"

"அந்த வீரையனைத்தான் கேட்கணும்" என்று பல்லைக் கடித்தார் இராஜாங்கம்.

மறுநாள் அவர் புகார் மனுவோடு தாசில்தார் ஆபீசுக்குப் போன நேரம், கொல்லைப்பக்கம் வந்து நின்றார் வீரையன்.

"டாக்டர் என்ன சொன்னாரு தங்கச்சி? இன்னும் வெட்டணுமா?"

"இன்னும் கொஞ்ச நாள் நடக்கணுமாம்ணே."

வீரையன் நழுவிய வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான் தொப்பைக்காக அந்தியில மண்வெட்டி பிடிச்சு, என் இடுப்புல வேட்டி நிக்க மாட்டேங்குது தங்கச்சி."