மிஸ்ஸின் தாலிக்கொடி

தன் வீட்டுக் கூடத்தில் பளபளவென்று நின்ற கிராண்ட் பியானோவைச் சந்திராதேவி மிஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர். புக்கிட் காத்தில் ஊர் முழுக்க அவர் 'மிஸ்'தான். பக்கத்தில் திலீபன் பில்லை நீட்டியபடி நின்றான். பாக்கிப் பணம் இன்று வராவிட்டால் அவன் பியானோ பட்டறைக்கு இடத்துக்காரர் பூட்டுப் போட்டுவிடுவார்.

பழைய பியானோவைப் புதுப்பிப்பது லேசுப்பட்ட தொழில் இல்லை. கம்பியும் கம்பளியும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விரலால் தட்டி வாசிக்கும் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட மாதக்கணக்கில் ஆகும். கடைசியில் விலை சொன்னால், அந்தக் காசுக்குப் புதுசே வாங்கலாமே என்பார்கள். ஒழுங்காகச் செய்த வேலையிலெல்லாம் அவன் கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். லாபம் இருந்தது செய்யாத வேலையில் மட்டும்தான்.

அதனால் இந்தப் பியானோவுக்கு வெளியே வார்னிஷ் அடித்ததோடு சரி. பில்லில் மட்டும் எல்லாமே புதுசு.

"கட்டையெல்லாம் கழட்டினீரோ தம்பி?"

"எல்லாத்தையும் கழட்டி, அடியில புதுக் கம்பளி போட்டாச்சு மிஸ். நானே என் கையால செஞ்சதுலா."

மிஸ் சுவரைப் பார்த்தார். மாலை போட்ட படத்தில் மீசைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ர தாலிக்கொடியைத் தாரும். கட்டைகளுக்குக் கீழதான் ஒளிச்சு வச்சனான். வச்சதையே மறந்துபோனன்."

திலீபன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். யாழ்ப்பாணத்தார் தாலிக்கொடி என்றால் சும்மாவா, கயிறு தடிமனுக்குத் தங்கம். போலீஸ் ரிப்போர்ட் செய்ய வேண்டியதுதான் என்று மிஸ் அமைதியாகக் கைப்பேசியை எடுத்தார். திருட்டுப் பட்டத்தோடு உள்ளே போவதைவிட மானம் போவது எவ்வளவோ மேல் என்று அவனுக்குப் பட்டது.

"மிஸ், நான் ஒரு கட்டையையும் கழட்டல. வார்னிஷ் மட்டும்தான் அடிச்சேன். நீங்களே பாருங்க."

மூடியைக் கழற்றிக் கட்டைகளை உருவினான். அடியில் பூச்சி அரித்த பழைய கம்பளியும் செத்த பல்லி ஒன்றும் கிடந்தன. தங்கத்தைக் காணோம். அழுகை வந்துவிட்டது அவனுக்கு.

"நான் எடுக்கல மிஸ். அங்கிள் படத்து மேல சத்தியம்."

"ஏமாத்தினதை உம்மட வாயாலயே சொல்லிப்போட்டீர். அட்வான்ஸை நாளைக்குக் கொண்டு வாரும்" என்றார் மிஸ். "படத்தில இருக்கிறது என்ர அண்ணர்."

டீச்சர் என்றால் பேரன் எடுத்தவரையும் மிஸ் என்றே கூப்பிட்டுப் பழகிய திலீபனுக்கு, சந்திராதேவி கழுத்தில் தாலியே ஏறாத அசல் மிஸ் என்பது அப்போதுதான் உறைத்தது.