மொச்சை உரிக்க வந்தவள்

"மொச்சை உரிக்க ஆள் வேணுமா முதலாளி?"

குரல் கேட்டு, ஓங்கிய கம்போடு அப்படியே நின்றான் கோட்டைச்சாமி. துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு தூக்குச்சட்டியுடன் அவள் களத்து ஓரத்தில் நின்றிருந்தாள்.

சிலமலைக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் சரிவில் இருந்தது அவன் காடு. களம் என்றால் ஒரு சப்பட்டைப் பாறைதான். காய்ந்த மொச்சை நெற்றுகள் அதன்மேல் இடுப்பளவு குவிந்து கிடந்தன. நான்கு நாட்களாக ஒற்றை ஆளாக அடித்துக்கொண்டிருந்தான்.

அவளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆள் வேணும்னு யாரு சொன்னா?" என்றான்.

"பஸ்சுல பேசிக்கிட்டாக. சிலமலையில ஒருத்தர் தனியாக் கெடந்து அல்லாடுறாருன்னு."

"அதுக்காக முதலாளின்னுதான் கூப்பிடணுமா?"

"காட்டுக்காரரை வேற எப்படிக் கூப்பிடுறது?"

கோட்டைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டான். "சரி, ஒக்காரு."

அவள் உட்கார்ந்து ஒரு நெற்றைக் காதோரம் வைத்து ஆட்டினாள். இன்னொன்றை உடைத்து, ஒரு மொச்சையைப் பல்லில் வைத்துக் கடித்தாள். நறுக்கென்று உடைந்தது.

"காய்ச்சல் சரியாத்தான் இருக்கு. ஆனா பாதி நெத்து வெறுங்கூடா இருக்கே! நல்ல வெயில்ல பறிச்சீகளா?"

"ஆமா. ஏன்?"

"வெயில்ல கை பட்டா வெடிச்சுக் காட்டுலயே சிதறிரும். விடியக்காலம் பனி ஈரத்தோட பறிக்கணும். இதுகூடத் தெரியாமயா வெள்ளாமை பாக்குறீக?"

"அதெல்லாம் எம் பொண்டாட்டி பாக்குற சோலி."

அவள் நிமிரவில்லை. கம்படி பட்டுக் கிடந்த மொச்சையைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

"வெதைக்குத் தனியா எடுத்து வச்சிட்டுத்தான அடிச்சீக?"

"இல்லையே. எல்லாத்தையும் ஒண்ணாத்தான்..."

"அட கூறுகெட்ட மனுசா! கம்படி பட்டா மொச்சையில வெடிப்பு விட்டுரும். வெடிச்சது எப்படி முளைக்கும்? வெதைக்குக் கையாலதான் உரிக்கணும்."

கூலிக்கு வந்தவள் பேசுகிற பேச்சா அது? ஆனால் கோட்டைச்சாமிக்குக் கோபம் வரவில்லை. கம்பைக் கீழே போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தான். அடிக்காத குவியலிலிருந்து திரட்சியான நெற்றுகளாகப் பொறுக்கி அவன் பக்கம் தள்ளினாள்.

"ஒங்க வீட்டம்மா இப்ப எங்க?"

"ஆத்தா வீட்டுல. அஞ்சு மாசமாச்சு."

"பேறுகாலத்துக்கா?"

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா."

"அப்படி என்ன செஞ்சீக?"

கோட்டைச்சாமி ஒரே நெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பன்னிக் காவலுக்குப் போறேன்னு சொல்லிட்டு, போடிக்கு ரெண்டாம் ஆட்டம் சினிமா பாக்கப் போயிட்டேன். விடிஞ்சு வந்து பாத்தா மேல்காட்டைப் பன்னி உழுது போட்டிருக்கு. அவ ஊருக்கே கேக்குற மாதிரி கத்துனா. நானும் வாயை விட்டுட்டேன்."

"என்னன்னு?"

"'இது என் காடு. பன்னிக்கும் குடுப்பேன், பேய்க்கும் குடுப்பேன். கேக்க நீ யாரு'ன்னு."

அவள் கை நின்றது.

"இந்தக் காட்டுல கல்லுப் பொறுக்குனது யாரு?"

"அவதான்."

"வெதை போட்டது?"

"அவதான்."

"களை எடுத்தது?"

"அதுவும் அவதான்."

"அப்புறம் எப்படி ஒங்க காடாச்சு?"

அவன் உரித்து முடித்த கூட்டையே மறுபடியும் உரித்துக்கொண்டிருந்தான்.

"நாலு தடவை கூப்பிடப் போனேன்," என்றான் கடைசியில். "வாசலோட அனுப்பிச்சுட்டா. அவ வரலேன்னா அடுத்த வருசம் எனக்கு வெதையும் வேணாம், வெள்ளாமையும் வேணாம். காட்டைத் தரிசாப் போட்டுட்டு ஏலத்தோட்டக் கூலிக்கு மலையேறிருவேன்."

"வந்தா என்ன சொல்லுவீக?"

"இது நம்ம காடுன்னு சொல்லுவேன்."

"மனசுக்குள்ளயா?"

"வாய்விட்டுத்தான்."

"எங்க, சொல்லுங்க பாப்போம்."

கோட்டைச்சாமி சுற்றுமுற்றும் பார்த்தான். கீழே ஓடைக்கரையில் பக்கத்துக் காட்டு மொக்கம்மாள் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னான்: "இது நம்ம காடு."

அவள் மடியிலிருந்த மொச்சையைச் சொளகில் கொட்டிப் பரப்பினாள். ஒரு ஓட்டை இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. முத்து முத்தாகக் கிடந்தன.

"கத்துனது ஊருக்கே கேட்டுச்சில்ல? இது ஓடைக்கரைக்குக்கூடக் கேக்காது போலருக்கே."

கோட்டைச்சாமி எழுந்து நின்றான். மலையைப் பார்த்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அடித்தொண்டையிலிருந்து கத்தினான்:

"இது நம்ம காடு!"

சத்தம் கேட்டு என்னவோ ஏதோவென்று புல்லுக்கட்டோடு மேலேறி ஓடி வந்தாள் மொக்கம்மாள். களத்தில் இருந்தவளைப் பார்த்ததும் கட்டைப் பொத்தென்று கீழே போட்டாள்.

"அடியே அன்னக்கொடி! பொண்டாட்டியா இந்தக் காட்டை இனி மிதிக்க மாட்டேன்னு ஊர் பாக்கச் சத்தியம் பண்ணிட்டுப் போனவ, இப்ப ஒம் புருசனோட ஒக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருக்கே?"

அன்னக்கொடி அடுத்த நெற்றை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"கூலிக்கு வரமாட்டேன்னு நான் சத்தியம் பண்ணலையேக்கா!"