இன்னிக்கும் கம்பம்தான்

வீட்டுக்குள் நுழைந்ததுமே கணவன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தான்.

"இன்னிக்கும் சொதப்பல். ரிவர்ஸ் எடுக்கும்போது கார் நேரா கம்பத்துல போய் முட்டிடுச்சு."

"பிரேக் இருக்கே?"

"பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டர்ல மிதி!"

மனைவி அசரவில்லை. "நேத்து சுவர், இன்னிக்கு வெறும் கம்பம். முன்னேற்றம்தானே!"

"என்னால முடியாதும்மா. விட்டுடறேன்."

"மூச்! தினமும் ஒரு மணி நேரம் விடாம பண்ணுங்க. தோத்தாலும் ஒரு பாடம் கிடைக்கும். இன்னிக்கு என்ன கத்துக்கிட்டீங்க?"

"கார்ல ஏறினாலும் ஹெல்மெட் போட்டுக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. தட்டிக் கொடுத்து, தைரியம் சொல்லி, மறுநாள் காலையில் அவனை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அந்த டிரைவிங் மாஸ்டர், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றான்.

தெருவில் ஹாரன் அலறியது.

"மாப்பிள்ளை! இன்னிக்கு உங்களுக்குச் சிரமமே வைக்கல. எங்க வீட்டிலேருந்து நானே ஓட்டிட்டு வந்துட்டேன், பாருங்க!" என்றாள் மாமியார், பெருமை பொங்க.

அவள் வீட்டு இரும்புக் கேட்டும் காரோடு கூடவே வந்திருந்தது.