நான்கு வினாடி

"தூக்கு தம்பி அதை" என்றார் எமன் சார், என் திரையில் விரலை வைத்து.

விரல் பட்ட இடத்தில் ஒரு ரேகை விழுந்தது. ரேகைக்கு அடியில் இருந்தது 'பொறு' என்ற கோப்பு.

எமன் என்பது நாங்கள் வைத்த பெயர். சோதனைப் பிரிவில் இருக்கிறார். நாங்கள் எழுதும் எந்த நிரலும் அவர் கையால் ஒருமுறை செத்துப் பிழைத்துத்தான் வெளியே போகும். பெயர் அவருக்கும் தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நாற்பத்தேழு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட மிச்சமிருக்கும் ஒரே ஆள் என்பதால், அவர் சொன்ன பேச்சை நான் தட்டுவதில்லை. பெரும்பாலும்.

நாங்கள் செய்வது கதவு. கண்ணாடி, சட்டம் எல்லாம் வேறு ஆட்கள். அட்டையைக் காட்டினால் திறந்து, மூன்று எண்ணுவதற்குள் மூடிக்கொள்கிற புத்தி மட்டும் எங்களுடையது. அந்தப் புத்தி நாற்பத்தொரு துண்டு நிரல்களாக ஒரே மூட்டையில் கட்டிக் கிடக்கிறது. அதற்கு நூலகம் என்று பெயர். எங்களுக்கும் கௌரவம் வேண்டாமா?

மூட்டையைக் கையாள ஒரு கருவி உண்டு. படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஓர் எழுத்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான். 'எக்ஸ்' என்றால் ஒரு துண்டைப் பிரதி எடுத்து வெளியே வைக்கும். 'ஆர்' என்றால் உள்ளே செருகும். 'டி' என்றால் தூக்கிப் போட்டுவிடும்.

நிஜமாகத்தானா என்று ஒரு வார்த்தை கேட்காது. என் வீட்டில் பிய்ந்த செருப்பைத் தூக்கிப் போடக்கூட நான் இரண்டு பேரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

இன்றைக்கு மூட்டையைச் சுத்தம் செய்கிற நாள். வேண்டாதவை என்று எமன் சார் கொண்டுவந்த பட்டியலில் முதல் பெயரே 'பொறு'தான்.

அது செய்யும் வேலை ஒன்றே ஒன்று. மூடப்போகும் கதவை இன்னும் நான்கு வினாடி பிடித்து வைக்கும்.

மற்ற நாற்பதும் போகட்டும். இந்த நான்கு வினாடி மட்டும் போகக்கூடாது என்று இருந்தது எனக்கு.

"அது பாட்டுக்கு ஓரமா இருக்கட்டுமே சார்."

"எதுக்கு இருக்கணும்? ஒன்பது வருஷமா ஒவ்வொரு பதிப்பையும் நம்ம வாசக் கதவுல நானே நடந்து பாக்கறேன். ஒருநாள், ஒரே ஒருநாள் அந்தக் கதவு என் மேல பட்டிருக்கா? அப்புறம் யாருக்குய்யா அந்த நாலு செகண்டு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வேறு வழியில்லாமல் அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டேன்.

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "தேதியப் பாரு. நான் ஆறு மாசம் லீவுல இருந்தப்ப உள்ள புகுந்திருக்கு. நான் இருந்தா விட்டிருப்பேனா? எந்தப் புண்ணியவான் எழுதினான் இதை?"

"எவனோ வேலவெட்டி இல்லாதவன் சார். சரியான அரைகுறை."

எழுதியவனை எனக்குத் தெரியும். தினமும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் வந்து நிற்பான்.

'எக்ஸ்' அடித்தேன்.

"அது என்னது?"

"பழக்கம் சார். தூக்கறதுக்கு முன்னாடி ஒரு பிரதி எடுத்து வெச்சுக்குவேன்."

'டி' அடித்தேன். மூட்டையில் மிச்சமிருப்பவற்றின் பட்டியலைத் திரையில் வரவழைத்தேன். 'பொறு' இல்லை. எமன் சார் உதடு அசைய இரண்டு தடவை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தார். சந்தேகம் அவருக்குத் தொழில்.

"சரி, கதவுல ஏத்து. போய் ஒரு நடை நடந்துட்டு வரேன்" என்று நாற்காலியிலிருந்து எழ ஆரம்பித்தார்.

அவர் எழுந்து முடிப்பதற்குள் எனக்கு இரண்டு வரி அடிக்கத் தாராளமாக நேரம் இருந்தது.

பிரதிக்கு 'அடிப்படை இரண்டு' என்று பெயர் மாற்றினேன். அந்தப் பெயரில் இருக்கும் எதையும் எங்கள் ஆட்கள் தொட மாட்டார்கள். அடிப்படை ஒன்று எங்கே என்று கேட்கக்கூடப் பயப்படுவார்கள். அப்புறம் ஓர் 'ஆர்'. துண்டு மறுபடி மூட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் வேலை அப்படியே இருந்ததால், பெயர் மாறியதைப் பற்றிக் கருவி கவலைப்படவில்லை.

இருபத்து மூன்று வருட உத்தியோகத்தில் பிழையே இல்லாமல் நான் அடித்த இரண்டு வரிகள் அவைதான்.

கதவில் ஏற்றினேன்.

எமன் சார் வாசலில் போய் நின்று, தொண்டையைச் செருமி, அட்டையைக் காட்டினார். கதவு திறந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றில் அவருடைய ஊன்றுகோல் மட்டும்தான் அந்தப் பக்கம் போயிருந்தது.

நான்கில் இடது கால். ஐந்து. ஆறு. பிறகு, அவசரமே இல்லாமல், வலது கால்.

ஏழில் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அவர் மெல்லத் திரும்பி, ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தியது அலுவலகம் முழுக்கக் கேட்டது.

"தூக்கியாச்சுல்ல? பட்டுச்சா பாரு!"