இன்னும் ரெண்டு எபிசோடு

"எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

நான் போட்ட சத்தத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் சிஸ்டர் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தாள். அம்மா அசையவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிவியில் கொரியன் சீரியல். ஒருத்தி மழையில் நனைந்துகொண்டே அழுகிறாள். ஒருத்தன் குடையோடு ஓடி வருகிறான்.

"மூணு வாரமாக்கா. மத்தியானம் மட்டும்தான்..."

"உன்னை எங்கம்மாவைப் பாத்துக்க வெச்சேனா, சீரியல் பாக்க வெச்சேனா?"

"மொதல்ல சாப்பிடற நேரத்துல என் போன்ல நான் மட்டும்தான் பாத்தேன். அம்மா எட்டிப் பாத்தாங்க. அப்புறம் விடவே இல்லை. எனக்கும் விட முடியலக்கா, அப்படி இருக்கு! அந்தப் பையனோட அம்மாக்காரி இருக்காளே, ஒரு கிளாஸ் தண்ணியை அப்படியே மருமக மூஞ்சில..."

"வாயை மூடு."

எனக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

அம்மா முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்தவள். பேசிப் பேசியே ரிடையர் ஆனவள். வீட்டிலும் வாய் ஓயாது. அப்படிப்பட்டவளுக்கு ஐந்து மாதத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்தது. கை கால் தப்பித்தது, பேச்சு போய்விட்டது. மற்றவர்கள் பேசுவதும் புரியாமல் போய்விட்டது.

"காது நல்லாவே கேக்கும். ஆனா வார்த்தையெல்லாம் அவங்களுக்கு வெறும் சத்தம்தான்" என்றார் டாக்டர். "நீங்க விடாம பேசிக்கிட்டே இருங்க."

பேசினேன். தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் சீப்பைக் காட்டி, "சீப்பு... எங்கே சொல்லும்மா, சீப்பு" என்று உயிரை விட்டேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சில நாள் அழுவாள். நானும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். போன வாரம் அந்த டாக்டரே, "இதுக்கு மேல பெருசா எதிர்பாக்காதீங்க" என்று கையை விரித்துவிட்டார்.

இந்த லட்சணத்தில், தமிழே புரியாதவளுக்குக் கொரியனாம்!

"தமிழ் சேனல் மட்டும்தான் போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? நாளையிலேர்ந்து வராதே."

சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு, "இன்னும் ரெண்டு எபிசோடுதான்க்கா இருக்கு" என்றாள்.

திமிரைப் பார் என்று கதவைச் சாத்தினேன்.

ஆபீசுக்கு லீவு போட்டேன். தமிழில் செய்தி, தமிழில் சீரியல், தமிழில் சமையல் என்று நாள் முழுக்க ஓடவிட்டேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் தட்டைத் தள்ளிவிட்டாள். மூன்றாம் நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"என்னைப் பெத்தவளே, உன் கால்ல விழறேன், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினேன். அதுவும் அவளுக்கு வெறும் சத்தம்தானே? இப்படியே என் கண் முன்னால் போய்விடுவாளோ என்று பயந்துபோனேன்.

வெட்கத்தை விட்டு சிஸ்டருக்குப் போன் போட்டேன்.

"வேற வீட்டுல சேந்துட்டேன்க்கா. அந்த சீரியலைப் போடுங்க, சாப்பிடுவாங்க."

போட்டேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதிலாவது கொஞ்சம் தமிழ் இருக்கட்டும் என்று கீழே தமிழ் எழுத்து ஓடும்படி வைத்தேன். ரெண்டு நிமிஷம் போயிருக்கும். அம்மா டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். என் கண்ணையே பார்த்தாள். பிறகு பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

மறுபடியும் போன் போட்டேன்.

"கீழே எழுத்து ஓடுதாக்கா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"எடுத்துடுங்க. மொத நாள் எனக்கும் ஓடுச்சு. நாம படிக்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சிடுது. எல்லாருக்கும் புரியுது, நமக்கு மட்டும் புரியலையேன்னு ஒடைஞ்சு போயிடறாங்க. எழுத்து இல்லேன்னா அவங்களும் நானும் ஒண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரு மண்ணும் புரியாது. அப்போ அம்மாதான் எனக்குக் கதை சொல்லுவாங்க. இவன் நல்லவன், அவ பொய் சொல்றா, இப்ப அழப்போறா பாருன்னு, எல்லாம் கையாலேயே. நான் தலையாட்டினா அவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு!"

ஐந்து மாதமாக நான் அவளுக்குப் பாடம்தான் எடுத்திருக்கிறேன். அவள் எனக்கு எதையாவது சொல்ல விட்டேனா?

"திரும்பி வந்துடுங்களேன் சிஸ்டர்."

"முடியாதுக்கா. இங்க தாத்தாவுக்கு ரொம்ப முடியலை. விட்டுட்டு வர்றது பாவம்."

"அப்போ மூணு வாரமும் கதை என்னன்னே தெரியாமலா பாத்தீங்க? வீட்டுக்குப் போயாவது எழுத்தோட பாத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"பாக்கணும்னு உயிர் போற ஆசைதான்க்கா. என் பொண்ணு முழுசா பாத்துட்டு முடிவைச் சொல்ல வந்தா, அவ வாயையும் பொத்திட்டேன். எனக்குக் கதை தெரிஞ்சுபோச்சுன்னா, அம்மா கை காட்டிச் சொல்றப்போ நான் தெரியாத மாதிரி நடிக்கணுமே. அவங்களை ஏமாத்த எனக்கு மனசு வரலக்கா."